மிஸ் ஷில்லிங்கின் துளை

துளை என்பது நம் பேச்சில் அவ்வளவு மதிப்புள்ள சொல் அன்று. குடத்தில் விழுந்தால் குடம் போயிற்று; படகில் விழுந்தால் ஆளே போயிற்று. புல்லாங்குழலை விட்டால், துளையினால் பெருமை பெற்ற பொருள் ஒன்றை எண்ணிச் சொல்வது கடினம். அப்படி ஒரு பொருள் 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வழக்குக்கு வந்தது. சின்னஞ்சிறு பித்தளைத் துண்டு. நடுவில் ஒரு துளை. அரசாங்க ஏடுகளில் அதற்கு வேறு பெயர். ஆனால் போர் விமானிகளும் அவர்களுடைய மெக்கானிக்குகளும் அதை மிஸ் ஷில்லிங்கின் துளை என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரில் ஆண்களுக்கே உரிய குறும்பு கொஞ்சம் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பெயரில் நன்றியும் இருந்தது. அந்தத் துளைக்கு உரிய அம்மையாரின் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன். விஞ்ஞானக் கட்டுரை என்றாலே பக்கத்தைத் திருப்பிவிடும் இலக்கிய நண்பர்கள் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும். கணக்கு எதுவும் போடப் போவதில்லை.

பியாட்ரிஸ் ஷில்லிங் 1909ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய ஹாம்ப்ஷயர் வட்டாரத்தில் வாட்டர்லூவில் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இறைச்சிக் கடைக்காரர். பெண் குழந்தைக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்தால் போதும் என்ற காலம் அது. இந்தக் குழந்தைக்கோ திருப்புளியும் மரையும்தான் விளையாட்டுப் பொருள்கள். பதினான்காம் வயதில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டினார். என்ன வேலைக்குப் போவது என்ற கேள்விக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வேலைக்குப் பெண்ணை யார் எடுப்பார்கள் என்ற கேள்விக்குத்தான் விடை இல்லை.

அந்த விடையைத் தந்தவர் மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற மற்றொரு பெண்மணி. அவர் டெவன் பகுதியில் கிராமங்களுக்கு மின்சார விளக்குப் போட்டுத் தரும் தொழிலை நடத்தி வந்தார். 1919இல் தோன்றிய பெண் பொறியாளர் சங்கத்தில் முன்னின்று உழைத்தவர்களில் அவரும் ஒருவர். அவரிடம் பியாட்ரிஸ் மூன்று ஆண்டுகள் தொழில் பயின்றார். வீடுகளுக்குக் கம்பி இழுப்பது, ஜெனரேட்டர் நிறுவுவது, அது நின்றுபோனால் நடுராத்திரியிலும் போய்ப் பார்ப்பது எல்லாம் அந்தப் பயிற்சியில் அடங்கும். பல்கலைக் கழகத்தில் சேர்ந்து படி என்று தூண்டியவரும் பார்ட்ரிட்ஜ் அம்மையார்தான். மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் மின்பொறியியல் படித்து 1932இல் பட்டம் பெற்றார். அத்துறையில் பெண்கள் அப்போது விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். மறு ஆண்டே யந்திரப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அதன்பின் பர்மிங்காம் பல்கலைக் கழகத்தில் எஞ்சின் ஆராய்ச்சிக்குத் துணையாளராக இருந்தார். நம்மைப் போல அவரும் ஓர் ஆய்வுக்கூடத்தின் மூலையில் அளவுமானிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு என்று எண்ணும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இதற்கிடையே மோட்டார் சைக்கிள் ஓய்ந்துவிடவில்லை. லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில் அக்காலத்தில் புகழ்பெற்ற பந்தயத் தடம் ஒன்று இருந்தது. சிமெண்டுக் காரையால் அமைத்து, வளைவுகளைச் சுவர்போல் சாய்த்துக் கட்டிய தடம் அது. அங்கே போட்டியின்போது மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு சுற்றை முடிப்பவர்களுக்குத் தங்க நட்சத்திரம் என்னும் சின்னம் அளிப்பார்கள். 1934இல் பியாட்ரிஸ் தம் 500 சி.சி. நார்ட்டன் வண்டியில் அந்தச் சின்னத்தைப் பெற்றார். அந்தத் தடத்தின் வரலாற்றில் அதைப் பெற்ற பெண்கள் மூவரே. வண்டியை ஓட்டியதற்கு மட்டும் அன்று, அந்த வேகத்துக்கு அதைத் தம் கையாலேயே பதப்படுத்தியதற்கும் சேர்த்தே அவரைப் பாராட்ட வேண்டும். எந்த ஊசியை எவ்வளவு தேய்த்தால் பெட்ரோல் எவ்வளவு கூடும் என்பது அவர் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. ஜார்ஜ் நெய்லர் என்பவர் அவரை மணக்க விரும்பியபோது, முதலில் நீரும் அந்த நட்சத்திரத்தைப் பெற்று வாரும் என்று நிபந்தனை போட்டதாக ஒரு கதை வழங்குகிறது. வில்லை முறித்து மணமாலை பெற்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. கதை எப்படியாயினும், 1938இல் அவர்கள் மணம் செய்துகொண்டார்கள். நெய்லர் பின்னர் போரில் குண்டுவீச்சு விமானியாகப் பறந்தார்.

1936இல் பியாட்ரிஸ் பார்ன்பரோவிலுள்ள அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் கிடைத்தது எஞ்சின்களுக்குக் கையேடு எழுதும் மேசை வேலை. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? விரைவில் ஆய்வுப் பகுதிக்கு மாறினார். போர் மூண்டபோது கார்புரேட்டர் ஆராய்ச்சியின் பொறுப்பு அவரிடம் இருந்தது.

இனி அந்தக் கார்புரேட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர் விமானங்களிலும் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின். 12 சிலிண்டர், 27 லிட்டர் கொள்ளளவு. ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் இருந்த டைம்லர் பென்ஸ் எஞ்சின் ஏறத்தாழ 34 லிட்டர். ஆயினும் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. சிறிய எஞ்சின் பெரியதற்கு ஈடு கொடுத்தது எப்படி? எஞ்சின் என்பது காற்றைக் குடித்துப் பலம் பெறும் பிராணி. எவ்வளவு காற்றை உள்ளே செலுத்துகிறோமோ அவ்வளவு பெட்ரோலை அதில் எரிக்கலாம். மெர்லினில் இருந்த சூப்பர்சார்ஜர் என்னும் விசிறி, காற்றை அழுத்தித் திணித்தது. எஞ்சினின் சுழலும் தண்டே பல்சக்கரங்களின் மூலம் அந்த விசிறியைச் சுழற்றும். இன்று கார்களில் காணும் டர்போசார்ஜர் அதன் தம்பி. வெளியேறும் புகையின் வேகத்தால் அது சுழல்கிறது. மூத்தவனோ இளையவனோ, வேலை ஒன்றுதான்.

இங்கே ஒரு சிக்கல். காற்றைக் கூட்டினால் பெட்ரோலையும் அதே கணக்கில் கூட்டியாக வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். உச்ச பலம் வேண்டுமென்றால் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக, 12 அல்லது 13 பங்குக் காற்றுக்கு ஒன்று என்று கொடுப்பார்கள். அழுத்திய காற்றில் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். கலவை தானாகவே வெடிக்கத் தொடங்கும். பிஸ்டனில் ஓட்டை விழும். பெட்ரோல் அளவு மீறினாலோ, ஈர விறகு அடைத்த அடுப்பைப் போல் எஞ்சின் கரும்புகை கக்கி அணைந்துவிடும். நம் வளாகத்திலும் பழைய காருக்கு டர்போ மாட்டிப் பார்க்கத் துடிக்கும் பொறியியல் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இராப்பகலாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எண்களை மாற்றி மாற்றிப் போடுவது, இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையைத் தேடித்தான்.

மெர்லின் எஞ்சினில் பெட்ரோலை அளந்து கொடுத்தது மிதவை வைத்த கார்புரேட்டர். வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் மிதக்கும் பந்து குழாயை மூடுகிறதல்லவா? அதே ஏற்பாடு. சிறிய அறையில் பெட்ரோல் நிற்கும். மிதவை மேலெழுந்தால் ஊசி வால்வு மூடும். பெட்ரோல் தீரத் தீர மிதவை தாழும், வால்வு திறக்கும். ஜெர்மானியர் இதை ஒதுக்கிவிட்டு, பம்பு மூலம் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் முறையைக் கையாண்டார்கள். அப்படியானால் ஆங்கிலேயர் பழமையில் ஊறியவர்களா? அப்படிச் சொல்லிவிடுவது அநியாயம். கார்புரேட்டரில் கலந்த பெட்ரோல் சூப்பர்சார்ஜருக்குள் ஆவியாகும்போது காற்றைச் சுமார் 25 டிகிரி குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. ஆகவே பலம் கூடும். ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் அந்த இலாபத்தைக் கணக்கிட்டுத்தான் கார்புரேட்டரை வைத்துக்கொண்டார்கள். கணக்கு சரியானதே. ஆனால் மிதவை மேல்கீழ் அறிந்து வேலை செய்யும் கருவி என்பதும், ஆகாயத்தில் மேல்கீழ் நிலையாக இருப்பதில்லை என்பதும் அந்த இலாபத்துக்குக் கொடுத்த விலை.

1940இல் பிரான்சின் மேலும், பிறகு இங்கிலாந்தின் மேலும் விமானங்கள் மோதியபோது அந்த விலை தெரிந்தது. பின்னால் துரத்தப்படும் ஜெர்மன் விமானி, மூக்கைச் சடாரென்று கீழே தள்ளிப் பாய்வான். துரத்தும் ஆங்கிலேய விமானியும் அப்படியே மூக்கைத் தள்ளினால் எஞ்சின் இருமி நின்றுவிடும். திருவிழா ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு மேலே எழுவதுபோல் தோன்றுமே, அதன் பன்மடங்கு இது. விமானம் விழுவதைவிட வேகமாகக் கீழே தள்ளப்படுகிறது. உள்ளிருக்கும் பொருள்களெல்லாம் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கின்றன. மிதவை அறையில் இருந்த பெட்ரோலும் கூரைக்கு ஏறியது. அடியில் இருந்த வழியில் பெட்ரோல் இல்லை. எஞ்சின் ஒரு கணம் பட்டினியால் தடுமாறியது.

இது முதல் கோளாறு, சிறியது. அடுத்தது பெரியது. பெட்ரோல் மேலே போனதால் மிதவை தலைகீழாகத் தரைக்கு அமுங்கியது. மிதவை தாழ்ந்தால் அறை காலி என்று பொருள் அல்லவா? ஊசி வால்வு அகலத் திறந்தது. பம்பின் முழு வேகத்தோடு பெட்ரோல் வெள்ளமாகப் பாய்ந்து, கார்புரேட்டரையும் சூப்பர்சார்ஜரையும் நனைத்து மூழ்கடித்தது. கரும்புகையோடு எஞ்சின் நின்றது. பட்டினி ஒரு கணத்தில் தீரும். அஜீரணம் தீரக் காலம் பிடிக்கும். அந்தச் சில வினாடிகளுக்குள் எதிரி கைக்கெட்டாத தூரம் போயிருப்பான், அல்லது பின்னால் வந்து நிற்பான். இதற்கு விமானிகள் ஒரு தந்திரம் கண்டார்கள். விமானத்தை முதலில் மல்லாக்கப் புரட்டி, பிறகு மூக்கைத் தம் பக்கம் இழுத்துப் பாய்ந்தால், பெட்ரோல் அடியிலேயே நிற்கும். ஆனால் புரளும் நேரத்தில் முந்திக்கொண்டவன் முந்திக்கொண்டவனே.

புதிய முறைக் கார்புரேட்டர் ஒன்றை வடித்துச் சோதித்து ஆயிரக்கணக்கில் செய்து முடிக்க ஆண்டுகள் ஆகும். பார்ன்பரோவில் ஷில்லிங் அம்மையார் வேறு வழியில் சிந்தித்தார். மிதவை தலைகீழாவதைத் தடுக்க முடியாது. வால்வு திறப்பதையும் தடுக்க முடியாது. சரி, திறக்கட்டும். திறந்த வழியாக எவ்வளவு பெட்ரோல் வரலாம் என்பதை மட்டும் நாம் தீர்மானித்துவிட்டால் என்ன? எஞ்சின் தன் உச்ச பலத்தில் எவ்வளவு பெட்ரோல் எரிக்கும் என்பது சோதனையில் அளந்து அறியக்கூடிய எண். அந்த அளவுக்குச் சற்றே மேல் போகவிட்டு, அதற்குமேல் ஒரு துளியும் போகாதபடி குழாயை நெருக்கிவிட வேண்டும். பம்பு எவ்வளவுதான் முயன்றாலும், எஞ்சின் எரிக்கக்கூடியதற்கு மேல் உள்ளே நுழையாது. வெள்ளமும் வராது.

அதற்குத்தான் அந்தப் பித்தளைத் துண்டு. முதலில் தையற்காரர் விரல்நுனியில் மாட்டிக்கொள்ளும் உறையைப் போன்ற வடிவில் செய்தார்கள். பின்னர் அது தட்டையான வாஷராக எளிமைப்பட்டது. கார்புரேட்டருக்குச் சற்று முன்னால் பெட்ரோல் குழாயில் அதைச் செருகிவிடலாம். விமானத்தைப் படையிலிருந்து விலக்கிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

இவ்வளவு எளிதா என்று கேட்கத் தோன்றும். செய்வது எளிது; அளவைத் தீர்மானிப்பதுதான் கடினம். துளை இம்மி பெரிதானால் வெள்ளம் நிற்காது. இம்மி சிறிதானாலோ, விமானி உயிருக்குப் போராடி முழு பலத்தையும் கேட்கும் வேளையில் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் உருகும். அதிலும் அந்த உச்ச பலம் என்பதே மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1940இல் 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்ததும் சூப்பர்சார்ஜர் தரும் மிகை அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 12 ராத்தல்வரை உயர்த்த முடிந்தது. பிறகு 15 ராத்தலுக்கும் போனார்கள். அழுத்தம் கூடினால் காற்றுக் கூடும். காற்றுக் கூடினால் பெட்ரோல் கூட வேண்டும். ஆகவே 12க்கு ஒரு துளை, 15க்கு வேறொரு துளை என்று இரண்டு வகை செய்தார்கள். டர்போவின் அழுத்தத்தை ஏற்றிவிட்டுப் பெட்ரோல் வழியைப் பழைய அளவிலேயே விட்டுவைக்கிற அவசரக்காரர்கள் இந்த இரண்டு துளைகளைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

பித்தளைத் துண்டுகளைத் தபாலில் அனுப்பிவிட்டு அம்மையார் அலுவலகத்தில் இருந்துவிடவில்லை. சிறு குழுவொன்றோடு விமானத் தளம் விமானத் தளமாகச் சென்று தாமே பொருத்தச் செய்தார். போகும் வாகனம், பழைய தோழனான நார்ட்டன் மோட்டார் சைக்கிள்தான். தளத்து வாயிலில் எண்ணெய்க் கறையோடு வந்திறங்கும் பெண்ணைக் கண்டு காவலர்கள் விழித்திருப்பார்கள் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். 1941 மார்ச் மாதத்துக்குள் பிரிட்டனின் போர் விமானப் பிரிவு முழுவதும் துளை பொருத்தியாயிற்று. அவருக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டு கடந்திருந்தும் மிஸ் ஷில்லிங் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 1940 கோடையில் நடந்த பிரிட்டன் வான்போரை இந்தத் துளைதான் வென்று தந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தப் போர் 1940 அக்டோபரிலேயே ஓய்ந்துவிட்டது. துளை எல்லா விமானங்களுக்கும் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு. மேலும், அது கோளாறை முழுவதும் தீர்க்கவும் இல்லை. முதல் கணத்துப் பட்டினி இருந்துகொண்டுதான் இருந்தது. தலைகீழாக நெடுநேரம் பறக்கவும் முடியாது. அது இடைக்கால ஏற்பாடு. மிதவையே இல்லாத, அழுத்தத்தால் இயங்கும் கார்புரேட்டர்கள் 1943இல் வழக்குக்கு வரும்வரை விமானிகள் அதை நம்பிப் பறந்தார்கள். இல்லாத வெற்றியை ஏற்றிச் சொல்வதால் அம்மையாருக்குப் பெருமை கூடாது. இரண்டு ஆண்டுக் காலம் மூக்கைக் கீழே தள்ளிப் பாய்ந்த ஒவ்வொரு விமானியும் எஞ்சின் அணையாமல் எதிரியைப் பின்தொடர்ந்தானே, அது போதாதா?

போருக்குப் பின் அரசாங்கம் அவருக்கு ஓ.பி.ஈ. விருது அளித்தது. பார்ன்பரோவிலேயே வேலையைத் தொடர்ந்தார். ப்ளூ ஸ்ட்ரீக் ஏவுகணை, மழையில் நனைந்த ஓடுதளத்தில் விமானச் சக்கரங்கள் வழுக்குவது என்று ஆராய்ச்சிகள் மாறின. யந்திரப் பொறியியல் பிரிவில் மூத்த பொறுப்பு வரை உயர்ந்து, 33 ஆண்டுப் பணிக்குப்பின் 1969இல் ஓய்வு பெற்றார். வேகத்தின் மேல் கொண்ட ஆசை மட்டும் ஓய்வு பெறவில்லை. மோட்டார் சைக்கிளை விட்டுக் கார்ப் பந்தயத்துக்கு வந்து, ஐம்பது வயதைக் கடந்த பின்னும் குட்வுட் தடத்தில் ஓட்டினார். 1967இல் அமெரிக்கப் பந்தய வீரர் டான் கர்னியின் ஈகிள் காரில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியபோது, ஆலோசனை கேட்க அவர்கள் தேடி வந்தது 58 வயதான இந்த அம்மையாரை.

சமையல், தையல் ஆகியவற்றில் அவருக்கு நாட்டமில்லை என்பதைச் சில எழுத்தாளர்கள் வியப்போடு குறிப்பிடுகிறார்கள். ஆண் விஞ்ஞானிகளின் வரலாற்றில் இந்தச் செய்தியைத் தேடிப் பார்த்தேன், எங்கும் அகப்படவில்லை.

1990ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் அவர் காலமானார். வயது 81. அவர் வென்ற பந்தயச் சின்னங்கள் புரூக்லண்ட்ஸ் காட்சிச்சாலையில் இருக்கின்றன. 2018இல் லண்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரி, தன் மின்னணுப் பொறியியல் துறைக்குக் கட்டிய புதிய கட்டடத்துக்குப் பியாட்ரிஸ் ஷில்லிங் என்று பெயர் வைத்தது.